என் ஒரே மாணவி படித்த காகிதம்

பத்து வயதில் நான் டீச்சராக இருந்தேன். மாணவி ஒருத்திதான், என் தங்கை. அவளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. ஒக்கலிபுரத்தில் ரயில்வே லைனை ஒட்டி ஆறு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டு. அதில் மூன்றாவது வீடு எங்களுடையது. அந்த வீட்டு வாசற்படிதான் பள்ளிக்கூடம்.

இந்த உத்தியோகத்தை எனக்குக் கொடுத்தது அப்பா. என்னைத் தமிழ் மீடியத்தில் போட்டதே தப்பு என்று மில்லில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு, தங்கையைப் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் கான்வென்ட்டில் சேர்த்தார். சேர்த்த பிறகு, பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போய்விடுமே என்று அதற்கும் கவலைப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது இனி என் பொறுப்பு என்றார். அடிக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். அந்த ஒரு குறையைத் தவிர மற்றபடி அது நல்ல வேலையாகத்தான் இருந்தது.

என்னுடைய பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவள் இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். பக்கத்தைத் திருப்பினால் படத்தைப் பார்த்து ஒப்பிப்பாள். எழுத்தை விரலால் மறைத்தாலும் நிற்காமல் படிப்பாள். இது படிப்பே இல்லை, ஏமாற்று வேலை என்று எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, இனிமேல் கையில் கிடைக்கும் காகிதம்தான் பாடம் என்று அறிவித்தேன். கிழித்த காலண்டர் தாள், தீப்பெட்டி, சோப்பு உறை, மிக்சர் மடித்துவந்த பேப்பர் எதுவானாலும் சரி. சட்டம் ஒன்றே ஒன்று போட்டேன். கையில் எடுத்த காகிதத்தை, சத்தமாக, கடைசி எழுத்துவரை படிக்காமல் கீழே வைக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அவள் காம்பவுண்டு முழுக்கக் காகிதம் பொறுக்கித் திரிந்தாள். காற்றில் பறக்கும் பேப்பரைத் துரத்திக்கொண்டு தெருவரைக்கும் ஓடினாள். கன்னடம் பேசும் ஊர் என்பதால், சில சமயம் கன்னடத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவாள். "இது நம்ம கிளாஸ் கிடையாது" என்று கண்டிப்பாகத் திருப்பி அனுப்புவேன். எனக்கே அதில் தடுமாற்றம் என்பதை மாணவியிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே.

எங்களுக்குப் பரீட்சை அதிகாரி சித்தி. அம்மாவுடன் பிறந்த ஒரே தங்கை. பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பா லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் இருபது நாள் பம்பாய்ப் பக்கம் போய்விடுவார். குடியாத்தத்தில் இருந்த பாட்டி, அக்கா தங்கை இருவருக்கும் அம்மா, எப்போதோ காலமாகிவிட்டதால், அக்கா வீடுதான் சித்திக்குத் தாய்வீடு. போன தடவை அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தடவை ரத்த அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதிர்ச்சி, அழுகை, மாடிப்படி மூன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நம் வீட்டில் மாடியே இல்லை, மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

சித்தி வாசற்படிக்கு உள்ளே, நிலையில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். தங்கை ஒரு காகிதத்தைப் பிழையில்லாமல் படித்து முடித்தால், மடியில் வைத்திருக்கும் சின்ன டப்பாவிலிருந்து ஒரு கல்கண்டு எடுத்து வாயில் போடுவாள். டீச்சருக்கும் ஒன்று உண்டு.

அந்தத் தை மாதத்தில் நடந்தவற்றுள் இப்போது எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் குடியாத்தம் தாத்தா இறந்துபோனார். அம்மாவுக்கும் சித்திக்கும் அப்பா. எங்கள் அப்பாவின் மில்லுக்கு போன் வந்தது. அம்மாவுக்குச் சொன்னார். அக்கம்பக்கத்துக்கும் சொல்லி, வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் தெரிந்த விஷயம், சித்திக்கும் எனக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியாது. சித்திக்குத் தெரியக் கூடாது என்பதால் எங்களுக்கும் தெரியக் கூடாது. குழந்தைகள் வாயில் எதுவும் தங்காது என்று எல்லா வீட்டிலும் நினைப்பதுதானே.

அன்று மத்தியானம் அப்பா பாதி ஷிஃப்ட்டில் வீட்டுக்கு வந்தார். இருவரும் பின்பக்கம் போய் ஏதோ பேசினார்கள். பிறகு அம்மா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கார்ப்பரேஷன் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வரும் காலம் அது. நான் கதவைத் தட்டி, "அம்மா, தண்ணி வீணாப் போவுது" என்று சத்தம் போட்டேன். அதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வெளியே வந்த அம்மா, ஓசூரில் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம், மறந்தே போய்விட்டோம், உடனே கிளம்ப வேண்டும் என்றாள். பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கட்டினாள். சித்திதான் மடிப்பு எடுத்துவிட்டாள், தலையில் மல்லிகைச்சரம் வைத்துவிட்டாள். என்னையும் அழைத்துப் போகச் சொல்லி நான் அழுதேன். அடுத்த நாள் சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு தாம்பூலப் பை இருந்தது. தேங்காய் இருந்தது, வெற்றிலை இருந்தது, லட்டு இல்லை. என்ன கல்யாணம் இது என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆனால் காலையில் எழுந்ததும் தவறாமல் பூ வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து தபாலில் கருமாதிப் பத்திரிகை வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைக்கும் அட்டை. ஊரில் யாரோ முகவரிப் பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் அனுப்பும்போது எங்களுக்கும் ஒன்று போட்டுவிட்டார்கள். கேட்டருகே தபால்காரரிடம் வாங்கியது அப்பா. அந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். வெளியில் நின்று படித்துவிட்டுக் கிழித்துப்போட வேண்டும், அதுதான் வழக்கம். அப்பாவும் குறுக்கே இரண்டாகக் கிழித்தார். தரையில் போட்டால் யார் கண்ணிலாவது படும் என்று பயந்து, கேட்டுப் பக்கம் சுவரில் இருக்கும் கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இரண்டு துண்டையும் செருகிவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஷிஃப்ட்டுக்கு ஓடிவிட்டார். காம்பவுண்டில் காகிதத்துக்காகவே அலைகிற ஒருத்தி இருப்பதை அவர் மறந்துவிட்டார். அவளை அலையவிட்டவள் நான்.

அன்று சனிக்கிழமை. மார்க்கெட்டிலிருந்து அவரைக்காய் வந்து குவிகிற சமயம். முந்தின நாளே உரித்து ஊறவைத்த கொட்டையை முறத்தில் வைத்துக்கொண்டு சித்தி பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓர் அழுத்து அழுத்தினால் பருப்பு தோலைவிட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பருப்பு ஒரு கிண்ணத்தில், தோல் ஒரு தட்டில். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

தங்கை கையில் ஒரு மஞ்சள் அட்டைத் துண்டுடன் ஓடிவந்தாள். படியில் உட்கார்ந்து விரலை வைத்து ஆரம்பித்தாள்.

"க... ரு... மா... தி. கருமாதி!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் அப்படி ஓர் அட்டையைப் பைக்குள் வைத்திருந்ததற்கு வீட்டில் வாங்கிய உதையை நான் கேள்விப்பட்டிருந்தேன். "ஏய், அத்த தூக்கிப்போடு. வீட்டாண்ட எடுத்தாரக் கூடாது" என்று கத்தினேன்.

அவள் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "முழுசா படிக்காம கீழ வெக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

என் சட்டம் என் மேலேயே வந்து விழுந்தது. சித்தி சிரித்துவிட்டாள். "உடுடி, கொயந்த ஆசையா படிக்குது. யாரோ எவரோ, படிச்சிட்டுப் போட்டுடட்டும். அப்பறமா கை கழுவிக்கோ கண்ணு."

தங்கை வெற்றிக்களிப்புடன் தொடர்ந்தாள். எங்கள் என்பதற்கு ஒரு நிமிடம் ஆனது. அருமை என்பதற்கு இன்னொரு நிமிடம். தந்தையில் தையன்னா வந்து வழி மறித்தது. நான் உதவி செய்தேன். அதற்கு அடுத்து வந்த பெயரில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. அவள் சறுக்குமரத்தில் இறங்குவதுபோலப் படித்தாள்.

"வ... ர... த... ன். வரதன்!"

எனக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. குடியாத்தம் தாத்தாவை நாங்கள் குடியாத்தம் தாத்தா என்றோம். அம்மாவும் சித்தியும் அப்பா என்றார்கள். எங்கள் அப்பா மாமா என்றார். அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே என் புத்தியில் ஏறியதில்லை. தங்கை இத்தனை வேகமாக ஒரு வார்த்தை படித்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. கல்கண்டுக்காகச் சித்தியைப் பார்த்தேன்.

சித்தி பிதுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

"வரதனுக்கு முன்னாடி எதுனா எழுத்து போட்டிருக்குதா, கண்ணு?"

ஒற்றை எழுத்தும் புள்ளியும் வந்தால் அது வார்த்தை இல்லை, தாண்டிப் போ என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். தங்கை திரும்பிப் பார்த்து, "கு, புள்ளி" என்றாள்.

சித்தி இன்னும் ஒரு கொட்டையைப் பிதுக்கினாள். பிறகு, "இன்னொரு தடவ படி" என்றாள். தங்கை படித்தாள். கு, புள்ளி, வரதன். தண்டவாளத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது. சித்தியின் விரல்கள் அழுத்திக்கொண்டே இருந்தன. பருப்பு தோல் தட்டில் விழுந்தது, தோல் கிண்ணத்தில் விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 

"மீதி எங்க?" என்று கேட்டாள் சித்தி.

தங்கை ஓடிப்போய் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து மற்றத் துண்டையும் எடுத்துவந்தாள். அதில் தேதி இருந்தது, ஊர் இருந்தது, கீழே மகன்கள், மகள்கள், மருமகன்கள் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. ஊரை அவள் தட்டுத் தடுமாறிக் கூட்டினாள். "கு... டி... யா..." என்னும்போதே அது தாத்தாவின் ஊர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி எழுத்துக்கு முன்பே அவள் கண் கீழே தாவிவிட்டது. தன் பெயருக்கு அடுத்தபடியாக அவள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அப்பாவின் பெயரைத்தான்.

"ஐ! அப்பா பேரு! அக்கா, இங்க பாரு, நம்ப அப்பா பேரு போட்டிருக்கு! பக்கத்துல அம்மா பேரு!"

அட்டையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவள் குதித்தாள்.  தாத்தா செத்துப்போய்விட்டார் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, சித்திக்கு அதிர்ச்சியே ஆகாது என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்ததுதான். சித்தி இப்போதே விழுந்துவிடுவாள், குழந்தை செத்துவிடும், அதைக் கொன்றது நானும் என் பள்ளிக்கூடமும்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தங்கைக்கு எழுத்துக்கூட்ட மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எழுத்துகள் சேர்ந்தால் ஏதாவது ஒரு செய்தி ஆகிவிடும் என்பதை நானே யோசித்துப் பார்த்ததில்லை.

சித்தி விழவில்லை. முறத்தை நகர்த்திவிட்டு, நிலையைப் பிடித்து எழுந்து நின்றாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்ன ஒரே வார்த்தை எனக்குச் சொன்னது இல்லை, தனக்குத்தானே சொன்னது.

"பட்டுப் பொடவ கட்டிக்கினு போனாளே..."

இரண்டு துண்டையும் தங்கையிடமிருந்து வாங்கி, சின்னச் சின்னதாகக் கிழித்தாள். பாத்ரூமுக்குப் பக்கத்தில் வெந்நீர் அண்டா அடுப்பில் அவற்றைப் போட்டு, எரிந்து முடியும்வரை நின்றாள். திரும்பி வந்து டப்பாவைத் திறந்து, தங்கையின் வாயில் ஒரு கல்கண்டு போட்டாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் என் உள்ளங்கையைப் பிரித்து வைத்து மூடினாள். 

"அம்மாகிட்ட சொல்லாத. நான் படிச்சேன்னு தெரிஞ்சா அவ பயந்துடுவா" என்றாள்.

எங்களை அடியிலிருந்து காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, தலையை ஆட்டினேன். அம்மா வந்தபோது சித்தி மறுபடியும் முறத்தின் முன்னால் உட்கார்ந்து, பருப்பையும் தோலையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டாள் அம்மா. "அடுப்புப் புகை" என்றாள் சித்தி. தங்கைக்கு எதுவுமே தெரியாது. அன்று சாயங்காலம் அவள் வேறொரு காகிதத்துக்காக அலைந்துகொண்டிருந்தாள். நான் உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டேன். ராத்திரி அப்பா மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவியதைப் பார்த்தேன். காற்றில் போயிருக்கும் என்று அவர் சமாதானம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்த நாலைந்து நாள் நான் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், தங்கை படிப்பதைக் கேட்டாள். இரண்டு தடவை மட்டும் பாத்ரூமில் வெகுநேரம் தண்ணீர் கொட்டியது. நான் கதவைத் தட்டவில்லை.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் சித்தி திடீரென்று அம்மாவிடம் சொன்னாள்.

"அக்கா, பொங்கலுக்கு முந்தி வந்த லெட்டர்ல அப்பாக்கு இருமல்னு போட்டிருந்துச்சே, மனசே சரியில்ல. என்னால போவ முடியாது. நீ நாளைக்கு ஒரு எட்டு போய் அவர பாத்துட்டு வா."

அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் அந்த வாரம் முழுக்க அந்தக் காரியத்துக்கு எப்படிப் போவது, மறுபடியும் எந்தக் கல்யாணத்தைச் சொல்வது என்று தெரியாமல் தவித்திருப்பாள் என்பது எனக்கு எங்கே தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்திக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதுதான். தாத்தா இல்லை என்று படித்துக் கேட்டவள், தாத்தாவைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள்.

அதோடு விடவில்லை. மறுபடியும் அவரைக்காய் வாங்கிவரச் சொல்லி, ஒருவரையும் தொடவிடாமல் தானே உட்கார்ந்து உரித்தாள், ஊறவைத்தாள், விடியற்காலையில் எழுந்து பிதுக்கினாள். அம்மா கிளம்பும்போது ஒரு தூக்கு நிறையப் பருப்பைக் கொடுத்தாள்.

"அங்க போய் கொழம்பு வெச்சிக் குடு. அவருக்கு இது இருந்தா போதும், வேற எதுவும் கேக்க மாட்டாரு. நான் உரிச்சதுன்னு சொல்லு."

அம்மா தூக்கை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே வாசலைத் தாண்டினாள். அன்று சாதாரணப் புடவைதான் கட்டியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா காலித் தூக்கைக் கழுவிச் சமையல்கட்டில் கவிழ்த்தாள். சித்தி அவள் முகத்தைப் பார்க்காமல், கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சாப்ட்டாரா?"

 அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டாரு" என்றாள். "நீ உரிச்சதுன்னு சொன்னேன்."

 செத்துப் பதினேழு நாள் ஆன ஒருவரைப் பற்றி, ஒருத்தி தெரிந்தே கேட்கிறாள், இன்னொருத்தி தெரிந்தே சொல்கிறாள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று எங்களை மிரட்டுகிறவள் எங்கள் அம்மா. பெரியவர்கள் எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்று நான் அன்று அதிர்ந்துபோனதுபோல் அதற்குப் பிறகு அதிகம் அதிர்ந்ததில்லை. மாசி மாதம் சித்திக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு முப்பது நாள் கழிந்து தாத்தா விஷயத்தை முறைப்படி சொன்னார்கள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதையும் நான் நடிப்புக் கணக்கில்தான் சேர்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தில், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைத்து, காக்கை வந்து எடுக்கும்வரை வெளியே காத்து நிற்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அதை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது, பல வருடம் கழித்து, எங்கள் அப்பாவின் காரியத்தில். காக்கை ஒன்று இறங்கி வந்து இலையைக் கொத்தியதும், பக்கத்தில் நின்ற சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டாரு" என்றாள். தூக்கைக் கழுவிக் கவிழ்த்த அன்று சமையல்கட்டில் ஒருத்தியும் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.